குறுணி

மதகுக்குக் கீழே பிறந்தது. ஐந்தில் மெலிந்தது.
கண் திறக்க முன்னரே தாய்மடியை விட்டு
ஏதோ மணத்தின் பின்னால் போனதாம்.
ஒரு போத்தல் தேன் கொடுத்து வாங்கினேன்.
உடைந்த அரிசியின் நிறம்.
குறுணி என்று வைத்தோம்.

துவக்கு மரியதாசுடையது, நாய் என்னுடையது,
கறி பாதிப் பாதி. ஒப்பந்தம் அவ்வளவுதான்.
சிறுபோகம் வெட்டி வயல் வெளித்ததும்
கௌதாரி இறங்கும்.
அதற்குள் பழக்க வேண்டும்.

முதல் மாதம் மணம்.
பழைய காலுறைக்குள் கௌதாரிச் செட்டை.
ஈச்சம்பத்தைக்குள்ளால் இழுத்து,
வாய்க்கால் தாண்டி, திரும்பவும் தாண்டி
ஒளித்துவைப்பேன்.
குறுணி மூக்கால் எழுத்துக் கூட்டும்.
பிழைவிட்ட இடத்தில் நின்று
என்னைப் பார்க்காது,
காற்றைப் பார்க்கும்.
அந்தக் குணத்துக்காகவே இன்னொரு போத்தல் கொடுத்திருப்பேன்.

சிவப்புப் பலகையில் மண்டையோடு
இன்னும் நிற்கிற பக்கம் மட்டும்
செட்டையை இழுத்ததில்லை.
துப்புரவாக்கியாயிற்று என்று கடிதம் வந்தது.
நாய் கடிதம் வாசிக்காது.
நான் இரண்டு தரம் வாசித்தேன்,
போகவில்லை.

இரண்டாம் மாதம் வாய்.
பக்கத்து வளவு சறோசாவின் பேட்டுக்குஞ்சு மூன்றைத் தின்றுவிட்டு
செட்டையோடு வந்து வாலாட்டியது.
தெண்டம் கட்டினேன்.
பிறகு முட்டை. அவித்ததல்ல, பச்சை முட்டை.
வாயில் வைத்து, தாடைக்குக் கீழே கைகொடுத்து,
மெல்ல, மெல்லடி என்று.
பதினொன்று உடைந்தது.
புனிதமலர் கொப்பியில் கணக்கு எழுதினாள்:
நாய்க்கு. நாய்க்கு. நாய்க்கு.
பன்னிரண்டாவதை
முற்றம் முழுக்கக் கொண்டு திரிந்து
என் காலடியில் வைத்தது.
ஈரம். ஒரு கீறல் இல்லை.
கொப்பியில் அன்றைக்கு ஒன்றும் எழுதப்படவில்லை.

மூன்றாம் மாதம் சத்தம்.
வெடிக்குப் பயந்த நாய் வேட்டைக்கு உதவாது,
ஒருக்கால் பயந்தால் பயந்ததுதான் என்று
கடைவாசலில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
சோறு வைக்கும்போது
கோப்பையில் அகப்பையால் தட்டினேன்.
பிறகு தகரத்தில்.
பிறகு வெறும் தார்ப்பரலில் உலக்கையால்.
சத்தம் என்றால் சோறு.
சத்தம் என்றால் எங்கேயோ ஒன்று விழும்,
விழுந்ததைத் தேடிப் போக வேண்டும்,
மெல்லத் தூக்க வேண்டும்.
உலக்கை என் கையில் இருந்தபடியால்
எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆவணிப் பின்னேரம், முத்தையன்கட்டு அலைகரை.
மரியதாஸ் துவக்கோடு வரவில்லை,
யானைவெடி ஒன்றோடு வந்தார்.
"தோட்டா விற்கிற விலைக்கு
முதலில் இதில் பார்ப்பம்."
சொல்லிப்போட்டுத்தான் கொளுத்தினார்,
அதில் குறை சொல்ல ஏலாது.
எண்ணு என்றார்.
இரண்டுவரை எண்ணியது ஞாபகம்.

நாய் ஓடவில்லை.
வாலை நிமிர்த்தி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி,
வானத்திலிருந்து எது விழப்போகுதென்று பார்த்ததாம்.
இது மரியதாஸ் பிறகு சொன்னது.

நான் வரம்புக்குக் கீழே கிடந்தேன்.
முகம் வெட்டிய தாளுக்குள்,
இரண்டு கையும் பிடரியில்,
வாய் ஆவென்று திறந்தபடி.
வாயைத் திறந்து வைத்தால்
காதுச்சவ்வு கிழியாது.
இதை எனக்கு எத்தனை மாதத்தில் பழக்கினார்கள்?
சோறு கொடுத்தார்களா?

மணிக்கட்டில் ஒரு சூடு.
குறுணி.
விழுந்ததைக் கண்டுபிடித்துவிட்டது.
அத்தனை பல்லும் தோலில் இருந்தன,
ஒன்றும் படவில்லை.
முட்டையைப் பிடித்தமாதிரிப் பிடித்து
இழுத்தது,
நான் முழங்காலில் எழும்பும்வரை,
பிறகு காலில் எழும்பும்வரை.

எழும்பிய பிறகும் விடவில்லை.
எடுத்ததை என் காலடியில் வைக்க வேண்டும்,
பழக்கியது அப்படி.
என் காலைப் பார்த்தது.
வாயிலிருந்த கையைப் பார்த்தது.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நின்றது.